‘கெட்ட இரத்தம் போகட்டும்’ என்று காத்திருக்க வேண்டாம்

மொரீஷியஸிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். வயது 49. அரசுத் தொடக்கப்பள்ளியில் தமிழ் கற்றுக்கொடுக்கிறார். வீட்டில் பேசுவது கிரியோல்தான் என்றாலும், “இதைக் கிரியோலில் யாரிடமும் சொல்ல எனக்கு நா எழவில்லை டாக்டர், அதனால்தான் தமிழில் எழுதுகிறேன்” என்று தொடங்கியிருக்கிறார்.

கடிதத்தின் சுருக்கம் இது. ஒன்றரை வருடமாக அவருக்கு மாதவிடாய் ஒழுங்காக வருவதில்லை. சில சமயம் இரண்டு மாதம் வராது. வந்தால் பத்துப் பன்னிரண்டு நாள் கட்டிகட்டியாகப் போகிறது. முதல் சில நாட்கள் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பேட் மாற்ற வேண்டியிருக்கிறது. பள்ளி மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. வகுப்பில் பாடம் நடத்தும்போதே நெஞ்சிலிருந்து முகம்வரை நெருப்பாக ஏறி, இரண்டு மூன்று நிமிடத்தில் வியர்த்துக் கொட்டுகிறது. இரவில் நைட்டி நனைந்து எழுந்தால் அப்புறம் தூக்கம் வருவதில்லை. தினமும் எழுதும் சொல்கூடச் சில சமயம் நினைவுக்கு வராமல் பலகை முன் நின்றுவிடுகிறார்.

ஆறு வருடமாகச் சர்க்கரை நோய் இருக்கிறது. மெட்ஃபார்மினும் கிளிக்லசைடும் சாப்பிடுகிறார். எடை 82 கிலோ. சித்தி ஒருவர் மார்பகப் புற்றுநோயில் இறந்தவர். மகனின் எச்.எஸ்.சி. பரீட்சைக்காக வரும் தைப்பூசக் காவடிக்குப் பால்செம்பு எடுப்பதாக நேர்ந்திருக்கிறார். அன்று தீட்டாகிவிடக் கூடாது என்று தோழி ஒருவர் மாதவிடாயைத் தள்ளிப்போடும் மாத்திரை கொடுத்திருக்கிறார். “நிற்பதற்கு முன் கெட்ட இரத்தம் எல்லாம் போய்விடும், பயப்படாதே” என்று சொல்லி மாமியார் அயாபானா இலைக் கஷாயம் போட்டுக் கொடுக்கிறார். கடைசிப் பக்கத்தில், கணவரோடு சேர்வது வலிக்கிறது, விலகிப் படுக்கிறேன், அவர் தப்பாக நினைக்கிறார் என்று சின்ன எழுத்தில் எழுதியிருக்கிறார்.

கேள்விகள் மூன்று. மாத்திரை போடலாமா? ஹார்மோன் எடுத்தால் புற்றுநோய் வருமா? இந்தச் சூடு ஆயுளுக்கும் இருக்குமா?

அன்புள்ள சகோதரி,

உங்கள் மூன்று கேள்விக்கும் பதில் சொல்கிறேன். ஆனால் கடிதத்தில் என்னை அதிகம் கவலைப்பட வைத்தது நீங்கள் கேள்வியாகவே கேட்காத ஒன்று, இரத்தப்போக்கு. அதிலிருந்து தொடங்குகிறேன்.

இரத்தப்போக்கை முதலில் பார்க்க வேண்டும்

கெட்ட இரத்தம் என்று உடலில் ஒன்று தேங்கியிருப்பதில்லை. உங்கள் மாமியார் அன்பாகத்தான் சொல்கிறார். அவர் காலத்தில் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் இருந்திருக்காது. போவது உங்கள் நல்ல இரத்தம்தான். அதனால்தான் படி ஏறினால் மூச்சு வாங்குகிறது.

மாதவிடாய் நிற்பதற்கு முந்தைய சில வருடங்களில் எல்லா மாதமும் முட்டை வெளிவருவதில்லை. முட்டை வராத மாதத்தில் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் சுரப்பதில்லை. ஈஸ்ட்ரோஜன் என்ற இன்னொரு ஹார்மோன் மட்டும் தனியாக நின்று கருப்பையின் உள்பூச்சை வளர்த்துக்கொண்டே போகிறது. இரண்டு மாதம் கழித்து அது மொத்தமாகச் சரியும்போது கட்டிகட்டியாக, நாள்கணக்கில் போகிறது. பெரும்பாலானவர்களுக்கு நடப்பது இதுதான். ஆனால் நார்த்திசுக் கட்டியோ பாலிப் என்ற சிறு சதை வளர்ச்சியோ இருந்தாலும் இதே மாதிரிதான் போகும். உள்பூச்சு அளவுக்கு மீறித் தடித்துவிட்டாலும், அபூர்வமாக அங்கே புற்றுநோய் இருந்தாலும் இதே மாதிரிதான். வெளியிலிருந்து பார்த்து எந்த மருத்துவராலும் பிரித்துச் சொல்ல முடியாது. உடல் எடையும் சர்க்கரை நோயும் கருப்பை உள்பூச்சுப் புற்றுநோயின் வாய்ப்பைக் கூட்டுபவை. உங்களிடம் இரண்டும் இருக்கின்றன. பயமுறுத்த இதைச் சொல்லவில்லை, பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது என்பதற்காகத்தான் சொல்கிறேன். இந்த நோய் ஆரம்பத்திலேயே இரத்தப்போக்காகத் தன்னைக் காட்டிவிடுகிறது. அப்போதே பிடித்தால் பெரும்பாலும் முழுதாகக் குணமாகும்.

45 வயதைத் தாண்டிய பெண்ணுக்கு இப்படி ஒழுங்கில்லாமல், அதிகமாகப் போனால் ஸ்கேனும், உள்பூச்சிலிருந்து ஒரு துளி திசு எடுத்துப் பார்க்கும் சோதனையும் செய்வது வழக்கம். திசு எடுப்பது மெல்லிய குழாய் ஒன்றால். சில நிமிடங்களில் முடிந்துவிடும், மாதவிடாய் வலி மாதிரி இழுத்துப் பிடிக்கும், அன்றே வீட்டுக்குப் போகலாம். உங்கள் ஊர் டிஸ்பென்சரியில் காட்டி, காந்தோஸ் விக்டோரியா மருத்துவமனையோ உங்கள் பகுதிக்கான வேறு அரசு மருத்துவமனையோ, அங்குள்ள மகளிர் பிரிவுக்குச் சீட்டு வாங்குங்கள். அரசு மருத்துவமனைகளில் இதற்குக் கட்டணம் கிடையாது. இந்த வாரமே போங்கள், பள்ளி விடுமுறை வரட்டும் என்று வைக்காதீர்கள். ஒரு மணி நேரத்துக்கு ஒரு பேட் நனைந்து, அது இரண்டு மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்தாலோ, தலைசுற்றி விழப் பார்த்தாலோ, சீட்டுக்குக் காத்திருக்காமல் நேரே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

அங்கே போகும்போது ஹீமோகுளோபின், இரும்புச்சத்து, தைராய்டு மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். ஹீமோகுளோபின் 12க்குக் கீழே இருந்தால் இரத்தசோகை. தைராய்டு கெட்டாலும் மாதவிடாய் குழம்பும், வியர்க்கும், களைப்பாக இருக்கும். பல பெண்கள் அதை மெனோபாஸ், அதாவது மாதவிடாய் நிற்கும் காலம், என்று நினைத்து வருடக்கணக்கில் விட்டுவிடுகிறார்கள். அதே சமயம், மெனோபாஸ்தானா என்று உறுதிசெய்ய ஹார்மோன் இரத்தப் பரிசோதனைக்காகப் பணம் செலவழிக்க வேண்டாம். இந்த வயதில் அந்த அளவு நாளுக்கு நாள் மாறும். உங்கள் வயதும் அறிகுறிகளுமே போதும்.

கஷாயத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அயாபானா வயிற்றுக்கு இதமாக இருக்கலாம், ஆனால் இந்த அளவு இரத்தப்போக்கை அதை நம்பி விட முடியாது. உங்கள் ஊரில் ‘பிரெட் முரூம்’ என்று கூப்பிடும் நம் முருங்கைக்கீரையும் நல்ல உணவு, சாப்பிடுங்கள். ஆனால் கீரையில் இருக்கும் இரும்பை உடல் கொஞ்சம்தான் எடுத்துக்கொள்ளும். இழந்ததை ஈடுகட்ட மாத்திரைதான் வேண்டும். அதைத் தேநீரோடு விழுங்காதீர்கள், தேநீர் இரும்பைச் சேரவிடாது. எலுமிச்சைச் சாறோடு போடுங்கள், தேநீரை ஒன்றிரண்டு மணி நேரம் கழித்துக் குடியுங்கள்.

காவடிக்கு முன் அந்த மாத்திரை

தோழி கொடுத்தது அநேகமாக நாரெத்திஸ்டிரோனாக இருக்கும். மாதவிடாய் வரும் தேதி தெரிந்த பெண், அதற்கு மூன்று நாள் முன்பே தொடங்கி நாள்தோறும் மூன்று வேளை சாப்பிட்டால் தள்ளிப்போகும். நிறுத்தியதும் இரண்டு மூன்று நாளில் வந்துவிடும். உங்களுக்குத்தான் தேதியே இல்லையே, எந்த நாளிலிருந்து தொடங்குவீர்கள்? அதைவிட முக்கியம், காரணம் தெரியாத இரத்தப்போக்கு இருக்கும்போது இந்த மாத்திரையைத் தொடக்கூடாது. உள்ளே இருக்கும் பிரச்சினையை அது சில வாரம் மறைத்துவிடும். எடை அதிகமுள்ளவர்களுக்கு இரத்தநாளத்தில் இரத்தம் உறையும் வாய்ப்பையும் கூட்டலாம். தயவுசெய்து அதைத் தோழியிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

பரிசோதனை முடிந்து காரணம் தெரிந்தால், இரத்தப்போக்கைக் கட்டுப்படுத்த நல்ல வழிகள் இருக்கின்றன. போகும் நாட்களில் மட்டும் சாப்பிடும் டிரானெக்சாமிக் அமிலம் ஒன்று. இன்னொன்று, என் எண்ணத்தில் உங்களுக்குப் பொருந்தக்கூடியது, கருப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் சாதனம். மிரேனா என்ற பெயரில் தெரிந்திருக்கும். இரத்தப்போக்கை வெகுவாகக் குறைக்கும், கருத்தடையாகவும் இருக்கும். பின்னால் ஈஸ்ட்ரோஜன் சிகிச்சை தொடங்கினால் கருப்பையைக் காக்கும் வேலையையும் அதுவே செய்துவிடும். ஆனால் வைத்த முதல் மூன்றிலிருந்து ஆறு மாதம் அவ்வப்போது சொட்டுச் சொட்டாகப் பட்டுக்கொண்டிருக்கும். ஆகவே வரும் தைப்பூசத்துக்கு அதை நம்ப முடியாது, அடுத்த வருடத்துக்கு நம்பலாம்.

நேர்த்திக்கடனைப் பற்றி மருத்துவராகச் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. தீட்டு என்பது உடம்பின் குறையல்ல, நோயும் அல்ல என்பது மட்டும் எனக்கு நிச்சயம். கோவில் வழக்கத்தை நீங்கள் மதிக்க நினைப்பதைப் புரிந்துகொள்கிறேன். நேர்ந்தது மகனுக்காகத்தானே? அன்று உங்களுக்கு முடியாமல் போனால் செம்பை மகன் தூக்கலாமா என்று கோவில் குருக்களிடம் இப்போதே கேட்டு வையுங்கள். கடைசி நாளில் தவிப்பதைவிட அது நல்லது.

இரவு வியர்வை எல்லாம் ஒன்றல்ல

இதைக் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள். வகுப்பில் வருவது மெனோபாஸ் சூடுதான், நீங்கள் எழுதியிருக்கும் விதமே சொல்கிறது. ஆனால் இரவில் நனைந்து எழுவதற்கு உங்கள் விஷயத்தில் இன்னொரு காரணமும் இருக்கலாம். கிளிக்லசைடு சர்க்கரையை அளவுக்கு மீறி இறக்கக்கூடிய மருந்து. இரவில் சரியாகச் சாப்பிடாமல் அதைப் போட்டால் நடுராத்திரியில் சர்க்கரை இறங்கி வியர்க்கும். அந்த வியர்வை குளிர்ந்திருக்கும். கை நடுங்கும், பசிக்கும், நெஞ்சு படபடக்கும், மனம் குழம்பும், ஏதாவது சாப்பிட்டதும் தணியும். மெனோபாஸ் சூடு நெஞ்சில் தொடங்கி மேலே ஏறும், சில நிமிடத்தில் தானாக அடங்கும், முடிவில் லேசாகக் குளிரும்.

ஊகிக்க வேண்டாம். அடுத்த முறை நனைந்து எழும்போது சர்க்கரை மீட்டரில் பார்த்துவிடுங்கள். 4 மில்லிமோலுக்குக் (மில்லிகிராம் கணக்கில் சுமார் 70க்குக்) கீழே இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். மறுநாள் மருத்துவரிடம் சொல்லி மாத்திரை அளவை மாற்ற வேண்டும்.

காவடிக்கு முன் பத்து நாள் விரதம் இருப்பீர்கள். சைவம் சாப்பிடுவதால் ஒன்றும் ஆகாது. ஆனால் ஒரு வேளைதான் சாப்பிடுவேன் என்றால், அதே அளவு கிளிக்லசைடைத் தொடர்வது ஆபத்து. நீங்களாக நிறுத்தவும் கூடாது. கொடியேற்றத்துக்கு இரண்டு வாரம் முன்பே மருத்துவரிடம் போய், “இத்தனை நாள் இப்படிச் சாப்பிடுவேன், எந்த மாத்திரையை எப்படி மாற்ற வேண்டும்” என்று கேளுங்கள். ஜனவரி, பிப்ரவரி வெயிலில் வெறும் வயிற்றோடும் இரத்தசோகையோடும் தார்ச்சாலையில் வெறுங்காலால் நடப்பது சின்ன விஷயமில்லை. சர்க்கரை நோயாளியின் கால் வேறு. கொப்புளம் வந்தது தெரியாமலே புண்ணாகிவிடும்.

ஹார்மோன் என்றால் புற்றுநோயா?

இந்தப் பயம் 2002இல் பிறந்தது. அமெரிக்காவில் 16,000க்கும் அதிகமான பெண்களை வைத்து நடந்த பெரிய ஆய்வொன்றைப் பாதியில் நிறுத்தினார்கள், உலகம் முழுக்கச் செய்தியானது. அந்தச் செய்தியில் விடுபட்டது ஒன்று உண்டு. ஆய்வில் இருந்தவர்களின் சராசரி வயது 63. உங்களைப் போல ஐம்பதையொட்டிய, சூடு தாங்காமல் தவித்த பெண்கள் அவர்களில் குறைவு. கணக்கும் இப்படித்தான் இருந்தது. ஹார்மோன் எடுக்காத 10,000 பேரில் ஒரு வருடத்தில் 30 பேருக்கு மார்பகப் புற்றுநோய் வந்தது. ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டினும் (செயற்கைப் புரோஜெஸ்டிரோன்) சேர்த்து எடுத்த 10,000 பேரில் 38 பேருக்கு வந்தது. எட்டுப் பேர் கூடுதல். அந்த எட்டை நான் சிறியது என்று தள்ளவில்லை, எட்டுக் குடும்பம் அது. ஆனால் “எடுத்தால் வரும்” என்பதற்கும் இதற்கும் எவ்வளவு தூரம் பாருங்கள்.

இன்று மருத்துவ உலகின் பொதுக் கருத்து இது. 60 வயதுக்குக் கீழே, மாதவிடாய் நின்று பத்து வருடத்துக்குள், வேறு தடை இல்லாத பெண்ணுக்கு, சூடும் தூக்கமின்மையும் வாழ்க்கையைக் கெடுக்கின்றன என்றால் ஹார்மோனால் வரும் நன்மை பெரும்பாலும் அதிகம். சூட்டுக்கு அதைவிட நன்றாக வேலை செய்யும் மருந்து வேறு இல்லை. எலும்பையும் காக்கும். கருப்பை உள்ள பெண்ணுக்கு ஈஸ்ட்ரோஜனைத் தனியாகக் கொடுக்கக் கூடாது, உள்பூச்சு தடிக்காமல் இருக்க புரோஜெஸ்டிரோனும் சேர வேண்டும். எடை அதிகமாக இருப்பதால் உங்களுக்கு மாத்திரையைவிடத் தோலில் ஒட்டும் பேட்ச் அல்லது ஜெல் நல்லது. வழக்கமான அளவில் அது இரத்தம் உறையும் வாய்ப்பைக் கூட்டுவதாகத் தெரியவில்லை. சர்க்கரை நோய் தடையல்ல. சித்திக்கு வந்தது உங்களுக்குத் தானாகத் தடையாகிவிடாது. ஆனால் அவருக்கு எந்த வயதில் வந்தது, குடும்பத்தில் வேறு யாருக்காவது மார்பகத்திலோ சூலகத்திலோ வந்திருக்கிறதா என்று கேட்டு மருத்துவரிடம் சொல்லுங்கள். மார்பகப் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள்.

மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள், காலிலோ நுரையீரலிலோ இரத்தம் உறைந்தவர்கள், கடுமையான கல்லீரல் நோய் உள்ளவர்கள், அண்மையில் மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்கள் வேறு வழி பார்க்க வேண்டும். காரணம் தெரியாத இரத்தப்போக்கும் அந்தப் பட்டியலில் உண்டு. ஆகவே உங்களுக்கு ஹார்மோன் இன்று இல்லை, பரிசோதனை முடிவு நல்லபடி வந்தபின் பேசலாம்.

அதுவரை என்ன செய்வது? இந்தச் சூடு உடலில் தங்கியிருக்கும் உஷ்ணம் அல்ல. ஈஸ்ட்ரோஜன் குறையும்போது மூளையில் வெப்பத்தைச் சமன்செய்யும் இடம் தடுமாறுகிறது. கொஞ்சம் வெப்பம் கூடினாலும் பெரிய அனல் என்று நினைத்து வியர்வையைத் திறந்துவிடுகிறது. அதனால் மோரும் வெந்தயமும் குடித்து அதை அணைக்க முடியாது. எது தூண்டுகிறது என்று நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும். பலருக்கு மிளகாய்க் காரம், சூடான தேநீர், மது, புழுக்கமான அறை. பருத்தி ஆடை, மின்விசிறிக்குப் பக்கத்தில் மேசை, குளிர்ந்த தண்ணீர் பாட்டில் ஆகியவை எளிமையாகத் தோன்றினாலும் வகுப்பை ஓட்ட உதவும். எடையில் ஐந்தாறு கிலோ குறைந்தாலே பலருக்குச் சூடு குறைகிறது. சிந்தனை, நடத்தை மாற்றும் பேச்சு சிகிச்சை தூக்கத்துக்கு உதவும். ஹார்மோன் வேண்டாம் என்பவர்களுக்கு வென்லாஃபாக்சின், காபாபென்டின் போன்ற மருந்துகள் இருக்கின்றன, மருத்துவர் எழுதிக் கொடுத்தால் மட்டும்.

ஆயுளுக்கும் இருக்குமா என்றால், இல்லை. ஆனால் ஒரே வருடத்தில் போய்விடும் என்றும் சொல்ல மாட்டேன். தொடக்கம் முதல் கணக்கிட்டால் பலருக்கு ஏழு வருடம்வரை இழுக்கிறது. அதனால்தான் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்திருங்கள் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது. பலகை முன் சொல் மறப்பதைப் பார்த்து மறதி நோய் என்று பயப்படாதீர்கள். இந்தக் கட்டத்தில் மிகச் சாதாரணம். உங்களுக்குத் தூக்கமும் இல்லை, இரத்தமும் குறைந்திருக்கும் போலிருக்கிறது. அவை சரியாகட்டும், பிறகு பார்ப்போம்.

சின்ன எழுத்தில் எழுதியது

அதைச் சின்ன எழுத்தில் எழுத வேண்டியதில்லை, சகோதரி. ஈஸ்ட்ரோஜன் குறைந்தால் பிறப்புறுப்பின் தோல் மெலிந்து உலர்ந்துபோகும், அதனால்தான் வலிக்கிறது. சூடு சில வருடத்தில் குறைந்தாலும் இது தானாகச் சரியாகாது, மருந்து வேண்டும். மருந்துக்கடையில் கிடைக்கும் நீர் கலந்த வழுவழுப்பு ஜெல்லை இப்போதே பயன்படுத்தலாம். பரிசோதனை முடிந்தபின், உள்ளே வைக்கும் குறைந்த அளவு ஈஸ்ட்ரோஜன் க்ரீமோ மாத்திரையோ கேளுங்கள். அது இரத்தத்தில் மிகக் கொஞ்சமே சேரும். சர்க்கரை அதிகமாக இருந்தால் பூஞ்சைத் தொற்றும் எரிச்சல் தரும், அதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

கணவரிடம் சொல்ல வாய் வரவில்லை என்றால், எனக்கு எழுதிய அந்தக் கடைசிப் பக்கத்தைக் கிரியோலில் எழுதி அவர் கையில் கொடுங்கள். “உங்கள் மேல் வெறுப்பில்லை, வலிக்கிறது” என்ற ஒரு வரி போதும். தெரியாததால்தான் அவர் தப்பாக நினைக்கிறார் என்று தோன்றுகிறது.

இனிமேல் கர்ப்பமாக வாய்ப்பில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மாதவிடாய் தள்ளிப்போகும் மாதத்திலும் முட்டை வரலாம். 50 வயதுக்கு முன் நின்றால் அதன்பின் இரண்டு வருடம், 50க்குப் பின் நின்றால் ஒரு வருடம் கருத்தடை தேவை. பேட்ச், ஜெல் போன்ற ஹார்மோன் சிகிச்சை கருத்தடை ஆகாது. பன்னிரண்டு மாதம் முழுதாக வராமல் இருந்தபின் ஒரு சொட்டு இரத்தம் பட்டாலும் மறுபடி பரிசோதனைக்குப் போக வேண்டும்.

டிஸ்பென்சரிக்குப் போகும்போது ஒரு நோட்டில் கடைசி மூன்று மாதவிடாய்த் தேதிகள், எத்தனை நாள், ஒரு நாளைக்கு எத்தனை பேட், இரவில் பார்த்த சர்க்கரை அளவு, சாப்பிடும் மருந்துகளின் பெயர், கஷாயம் உட்பட எல்லாவற்றையும் எழுதிக் கொண்டுபோங்கள். ஸ்கேன் முடிவும் திசுப் பரிசோதனை முடிவும் கைக்கு வந்ததும் எனக்கு எழுதுங்கள். ஹார்மோனா, மிரேனாவா, இரண்டுமா என்பதை அப்போது பேசலாம்.